டீச்சர் தொடாத பலாச்சுளை

2003, ஆனி மாதம், செவ்வாய் இரவு

என் எழுத்து கோணிக்கொண்டுதான் போகிறது. நாளைக்கு இதைப் படிக்கப்போவதும் நான்தான் என்பதால் பொறுத்துக்கொள்ளலாம்.

நேற்று முதியோர் எழுத்து வகுப்பில் முதன்முறையாக ஒரு பக்கம் முழுவதும் பிழையில்லாமல் எழுதினேன். அந்தச் சந்தோஷத்தில் இன்று வகுப்பு டீச்சருக்குப் பலாச்சுளையைத் தேனில் போட்டுக் கொண்டுபோனேன். அவர் தொடவில்லை.

"ஏஞ்சாமி, புடிக்கலையா?"

"புடிக்குதுங்க அப்புச்சி, அதான் தொந்தரவே. ரத்தம் பாத்தாங்க. சர்க்கரை இன்னும் வரலை, ஆனா வரப்போகுதாம். எடையைக் குறைச்சா தப்பிக்கலாங்கறாங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பெண்ணுக்கு வயது இருபத்து நான்கு. அது அடிவாரத்துக் கடைக்காரப் பெரியவர்களுக்கு வரும் வியாதி என்றல்லவா நினைத்திருந்தேன்.

"நடந்து பாக்கறதுதானே கண்ணு?"

"நடந்தேனுங்க. ஒவ்வொரு ஊட்டுலயும் நிறுத்தி, எங்க போறே, யாருக்கு ஒடம்பு சரியில்லைன்னு கேக்கறாங்க. சும்மா நடக்கறேன்னா சிரிக்கறாங்க. உக்காரவெச்சு சர்க்கரைக் காப்பி தர்றாங்க. வேண்டாம்னா மொகம் வாடிப்போகுது. விட்டுட்டேனுங்க."

உண்மைதான். வேலையில்லாமல் இந்த மலையில் யார் நடக்கிறார்கள்?

"நாளைக்குக் காலையில சோளக்காடு வரைக்கும் நட, நானும் கூட வாரேன். கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

"உங்களுக்கு முட்டி வலிக்குமேங்க?"

"நீ வேகமா முன்னாடி போ. திரும்பி வந்து என்னைக் கூட்டிக்கிட்டு மறுபடி போ. எனக்கு ஒரு தூரம், உனக்கு மூணு தூரம்."

டீச்சர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இருபத்து நான்கு வயது. விரல் வலிக்கிறது. டீச்சர் நடந்தாரா, நின்றுவிட்டாரா என்பதை அடுத்த செவ்வாய்க்கிழமை எழுதுவேன்.