அக்கா எடுக்காமல் விட்ட வெற்றிலை

என் அன்புக்கும் சண்டைக்கும் உரிய மச்சானுக்கு,

நல்ல செய்தியோடுதான் எழுதுகிறேன். ஆனால் நல்ல செய்தியைக்கூட முன்னுரை இல்லாமல் சொல்லத் தெரியாதவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். "தீர்ப்ப மொதல்ல சொல்லு மாப்ளே, காரணத்த சாப்புட்டுட்டுக் கேக்குறேன்" என்பீர்கள். இந்த முறை தீர்ப்பைக் கடைசியில்தான் சொல்லப் போகிறேன். நீங்கள் குறுக்கிட முடியாது என்கிற துணிச்சல்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு நான் வந்ததே வாதாடுவதற்காகத்தான் என்று அக்கா சொல்வாள். அன்னவாசலில் உங்கள் அரிசி ஆலை, நெல் பாதி அரைபட்டுக்கொண்டிருக்கும்போது மின்வெட்டில் நின்றுபோன நாட்களின் கோபம் உங்களை விட்டுப் போகவே இல்லை. அதனால் அணுமின் நிலையங்கள் பெருக வேண்டும் என்பது உங்கள் கட்சி. கழிவை என்ன செய்வது என்பது என் கேள்வி. யார் வாசலில் வைக்கப் போகிறீர்கள், அவர்களைக் கேட்டீர்களா என்பேன். நீங்கள் ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"நம்ம வீட்டு லைட்டு எரியணும், குப்பை மட்டும் அடுத்தவன் கொல்லைக்குப் போகணுமா? நம்ம ஊர்லயே வைக்கட்டும்யா!"

"கேட்டுவிட்டு வைக்கட்டும், மச்சான்."

"கேக்கட்டும். யாரு வேணாம்னா?"

அந்தக் கேள்வி நம் ஊருக்கே வந்து சேரும் என்று நம் இருவரில் யாராவது நினைத்தோமா?

வந்தது, மச்சான். போன தை பிறந்த கையோடு ஓர் ஆய்வுக் குழு வந்தது. அணு உலைகளில் மிஞ்சும் கடுமையான கழிவைக் கண்ணாடியோடு உருக்கிக் கெட்டியாக்கி, என்றாவது ஒருநாள் மிக ஆழமான பாறைக்குள் வைக்கலாமா என்று பல இடங்களில் பாறையின் தன்மையைப் பார்க்கிறார்களாம். நம் ஊர்ப் பாறையும் அந்தப் பட்டியலில் இருந்தது. இப்போது கேட்பது ஆழ்துளை போட்டுப் பார்க்க மட்டும். கழிவை வைப்பதற்கு அல்ல. இந்த வேறுபாட்டை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கடிதத்தின் முடிவு இதில்தான் நிற்கிறது.

குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இளவயதுப் பெண் அதிகாரி. பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடியில் படங்களைக் காட்டிப் பொறுமையாக விளக்கினார். கூட்டம் முடிந்ததும், நம்மை மதிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், புதுக்கோட்டையிலிருந்து வாங்கி வந்த தாம்பூலப் பைகளை நீட்டினார். தேங்காய், வெற்றிலை, பாக்கு. ஒரு கை நீளவில்லை. முன்வரிசை முழுவதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டது.

"சும்மா ஒரு மரியாதைக்குத்தாங்க" என்றார் அவர், முகம் வாடி.

ஊர்ப் பெரியதனம் பார்க்கும் கருப்பையா அண்ணன் எழுந்தார். "மரியாதையெல்லாம் இருக்கட்டும்மா. வெத்தலைய வாங்கிட்டா வாக்குக் குடுத்ததால்ல ஆயிரும்? பொண்ணு குடுக்குறதுல இருந்து பொலி காளை விக்கிறது வரைக்கும் இங்க அப்படித்தான். டீ குடிச்சோம்ல, அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"தேங்காய மட்டும் எடுத்துக்கலாமா அண்ணே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"எடுறா, எடு. நாளைக்கு அணுக்கழிவ மாப்பிள்ளையா கூட்டிட்டு வந்து ஒன் வீட்டுல ஒக்கார வப்பாங்க!"

கூட்டம் சிரித்ததில் மரத்துக் காக்கைகள் பறந்தன. புரிந்ததும் அதிகாரியும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அவர்மீது எனக்கு மதிப்பு வந்தது. அப்புறம் அவர் சொன்னதுதான் முக்கியம்: "அப்ப நீங்க முடிவு பண்ற அன்னைக்குத் தட்டுல வைக்கிறேங்க. சம்மதம்னா எடுத்துக்கங்க. இல்லேன்னா விட்டுருங்க. அதையே நாங்க ஒத்துக்கிறோம்."

இப்படிப்பட்ட ஆய்வுக்கு ஊரின் சம்மதத்தைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கூற்றுக்கு என்னிடம் ஆதாரம் இல்லை. அவர்கள் தாமாக ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குவது, ஊரின் வக்கீல் என்ற முறையில், என் வேலையாயிற்று. அந்த உடன்பாட்டில் ஒரு வரியை நான் மிகவும் யோசித்துச் சேர்த்தேன். தட்டில் மிஞ்சும் ஒவ்வொரு வெற்றிலைக்கும் காரணம் கேட்கப்பட வேண்டும். அதற்குப் பதில் சொல்லாமல் துளை போடக் கூடாது. அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டுச் சம்மதித்தார்.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஊர் வழக்கப்படி வெற்றிலை தலைக்கட்டுக்கு ஒன்று, அதாவது வீட்டுக்கு ஓர் ஆண் பேருக்கு. நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்கள் வீடு அந்தக் கணக்கில் இல்லை, மச்சான். ஆண்பிள்ளை இல்லை, மகள் கோயம்புத்தூரில். ஆகவே அக்காவின் வெற்றிலை உங்கள் பங்காளி வீட்டு வெற்றிலையோடு சேர்ந்துவிட்டது. கோயில் காரியங்களில் அவள் இதைப் பொருட்படுத்தியதில்லை. இந்த முறை கூட்டத்தின் நடுவே எழுந்து நின்றாள்.

"எலெக்சன் வந்தா ஆளுக்கொரு பக்கமா கூப்புட வாரீங்க. என் ஓட்ட எண்ணுவீங்க, என் வெத்தலைய எண்ண மாட்டீங்களா?"

கருப்பையா அண்ணன் தடுமாறினார். "அதுக்கில்ல பாக்கியம். வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல..."

"ஆழத்துல கழிவ வைக்கிறதுக்கு எந்த வழக்கத்துலண்ணே எடமிருக்கு? புதுசாக் கேக்குறாங்க. புதுசாத்தான் பதில் சொல்லணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் நிலைமையை நினைத்துப் பாருங்கள்: கட்சிக்காரி என் அக்கா, சாட்சிகள் என் சொந்தக்காரர்கள். கிராம சபை என்றால் இந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும்தான், ஆண் பெண் வேறுபாடு அதில் கிடையாது என்று மட்டும் சொன்னேன். அதைச் சட்டம் சொல்கிறது. அதற்கு மேல் நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. பெண்கள் பக்கம் முதலில் சலசலப்பு, பிறகு கைதட்டல். கருப்பையா அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரித்தா. ஆளுக்கு ஒண்ணு. வெத்தலைக் கொடிக்காரன் பொழைச்சுக்குவான்."

முடிவு செய்யும் நாளில் தட்டு வைக்கப்பட்டது. பெரும்பாலோர் எடுத்தார்கள். சில வெற்றிலைகள் மிஞ்சின. ஒருவர் சுண்ணாம்பு வைக்கவில்லை என்று எடுக்கவில்லை. அதையும் காரணமாகப் பதிந்தோம், உடன்பாடு உடன்பாடுதான். அக்கா தட்டின் முன்னால் வந்து நின்று பார்த்தாள். எடுக்கவில்லை.

உங்கள் கட்சியைச் சேர்ந்தவள், மின்சாரத்துக்காக உங்களோடு சேர்ந்து என்னைக் கேலி செய்தவள், எடுக்காதது எனக்கே வியப்பு. அதிகாரி காரணம் கேட்டார்.

"தொள போடக் குச்சி நட்டிருக்கீங்களே, அது கம்மாய்க்குத் தண்ணி வர்ற வரத்து வாய்க்கா. தொளையில வர்ற சேறு எங்கிட்டுப் போகும்? கம்மாயத் தூத்துட்டு எங்க வயலுக்குத்தான் வரும். இங்க எல்லாருக்கும் தெரியும். வேல கெடைக்குங்கிற ஆசையில எடுத்துட்டாங்க."

அதிகாரி சமாளிக்க முயலவில்லை. "இன்னைக்கு எங்கிட்ட பதில் இல்லங்கம்மா. பாத்துட்டு வாரேன்" என்றார். உடன்பாட்டின்படி எல்லாம் நின்றது. ஒரு வெற்றிலைக்காக ஒரு குழு திரும்பிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன், மச்சான். வேண்டாம் என்று ஒருவர் சொல்ல, அதைக் கேட்டு வேலை நிற்கும் காட்சியை என் தொழிலில் நான் அதிகம் கண்டதில்லை. அன்று முழுக்க எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அக்காதான் அதட்டினாள். "என்னடா, கிறுக்குப் புடிச்சவன் மாதிரி சிரிக்கிற?"

குழு திரும்பி வந்தது. குச்சியை வாய்க்காலிலிருந்து விலக்கி மேட்டுப் பாறைக்கு மாற்றியிருந்தார்கள். சேற்றைத் தொட்டியில் பிடித்து வண்டியில் கொண்டுபோவார்கள். கிணறுகளின் நீரைத் துளைக்கு முன்னும் பின்னும் சோதித்து, முடிவைத் தமிழில் எழுதிச் சபையில் வாசிப்பார்கள். நேற்று மறுபடியும் புங்கமரத்தடியில் தட்டு வைக்கப்பட்டது. இந்த முறை சுண்ணாம்போடு.

அக்கா தட்டின் முன் நின்று கேட்டாள்: "இப்ப எடுத்தா, நாளைக்குக் கழிவ வைக்கிறதுக்கும் எடுத்தேன்னு சொல்லுவீகளா?"

"மாட்டோம்மா. இது தொளைக்கு மட்டுந்தான். அதுக்கு வந்தா மறுபடி மொதல்லருந்து தட்டு வைக்கணும். சார் எழுதி வாங்கியிருக்காருல்ல?"

"அவன் எழுதுனா அவனுக்கே புரியாது. நீங்க சொல்லுங்க, ஊரு கேக்கட்டும்."

அவர் இன்னொரு முறை, உரக்கச் சொன்னார். அக்கா ஒரு வெற்றிலையை எடுத்தாள். கொண்டுபோய்ச் சாமிப்படத்துக்கு முன்னால் வைப்பாள் என்று நினைத்தேன். அவள் நரம்பைக் கிள்ளினாள். சுண்ணாம்பைத் தடவினாள். பாக்கை வைத்து மடித்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் நீங்கள் மடித்துக் கொடுத்த வெற்றிலைதான் அவள் கடைசியாகப் போட்டது. உங்களுக்குப் பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டாள். யாரும் வற்புறுத்தவும் இல்லை. நேற்று அத்தனை பேர் பார்க்க, தன் பெயருக்கு வைத்த வெற்றிலையைத் தானே மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். பக்கத்து வீட்டு மீனாட்சி கத்தினாள்: "ஏத்தா பாக்கியம், வாயி என்னமாச் செவந்துருக்கு பாரு! அண்ணன் இன்னும் ஒன் நெனப்பாவேதான் இருக்காரு போல!"

அக்கா வெட்கப்பட்டாள், மச்சான். இந்த வயதில். நான் பார்த்தேன்.

இதுதான் தீர்ப்பு. அணுமின்சாரம் நல்லதா கெட்டதா என்ற நம் வழக்கு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. நீங்கள் சொன்னதில் பாதி சரி என்று இப்போது தோன்றுகிறது. எந்தப் பாதி என்பதை எழுத்தில் தரமாட்டேன். பாறை என்ன சொல்லும், ஊர் அப்போது என்ன சொல்லும், எனக்குத் தெரியாது. பல தலைமுறைக்கு இருக்கப்போகும் ஒன்றுக்குப் பிறக்காத பிள்ளைகளின் வெற்றிலையை யார் எடுப்பது?

ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த கேள்வியோடு யார் வந்தாலும், தட்டு வைக்காமல் பதில் வாங்கிப் போக விடமாட்டேன். அக்காவின் வெற்றிலை அவள் பெயரில் தனியாக இருக்கும். அவள் எடுத்தாலும் சரி, விட்டாலும் சரி, எண்ணுவதற்கு நான் பக்கத்தில் நிற்பேன். சுண்ணாம்பும் நானே வாங்கி வருவேன்.

தீர்ப்பு உங்களுக்குச் சாதகமா பாதகமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்,
உங்கள் பாக்கியத்தின் தம்பி,
உங்கள் மாப்பிள்ளை.