மத்தியானத்தில் பார்த்த வீடு

இயேசு மரி சூசை துணை

இராயபுரம்,
செவ்வாய்க்கிழமை மதியம்.

அன்பு மகள் ஆன்சிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், குறையொன்றும் இல்லை. தோஹாவில் நீயும் மாப்பிள்ளை ஜெரியும் பேத்தி நோயலினும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் ஜெபம். குழந்தைக்கு இழுப்பு குறைந்திருக்கிறதா, மருந்துப் பம்பை எப்போதும் பையிலேயே வைத்திரு. போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுகிறேன். அதனால் எழுதி, பக்கங்களைப் படம் பிடித்து அம்மா போனிலிருந்து அனுப்புகிறேன். கடைசி வரை படித்துவிட்டுக் கூப்பிடு.

விஷயம், நீங்கள் ஊர் திரும்பினால் குடியிருக்க என்று பேசிய அந்தத் திருவொற்றியூர் ஃபிளாட்தான். வெள்ளிக்கிழமை முன்பணம் கட்டப்போகிறோம் என்றாய். கட்டாதே அம்மா. மாப்பிள்ளை கோயம்புத்தூரில் அவர் அக்கா வீட்டுப் பக்கம் வாங்கலாம் என்று சொல்ல, எங்கப்பாவே நேரில் போய்ப் பார்த்துவிட்டார் என்று சொல்லி நீ அவர் வாயை அடைத்துவிட்டாய். அப்படி நீ நம்பின என் பேச்சைத்தான் இப்போது நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

ஏரியாவைப் பற்றி நான் சொன்னதில் பொய் இல்லை. மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டது, பழைய தொழிற்சாலை ஷெட்டுகளை இடித்துவிட்டு மாடி மாடியாகக் கட்டுகிறார்கள், வாடகை வருஷா வருஷம் ஏறுகிறது. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் இன்னும் வரிசை கட்டித்தான் நிற்கின்றன, துறைமுகத்தில் வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் எனக்குக் கிடைத்த மாதிரி நிரந்தர வேலை இல்லை, எல்லாம் ஒப்பந்தக்காரன் கையில். இங்கே உழைக்கிறவனால் இங்கே வீடு வாங்க முடியவில்லை, வாங்க முடிந்தவன் அம்பத்தூர், ஒரகடம் என்று போய்விடுகிறான். ஞாயிறு பூசையில் சாமியார் கல்யாண ஓலை வாசித்து ஜோடிகளை அறிவிக்கும்போது நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன், பையன் எங்கே இருக்கிறான், கல்யாணம் ஆனதும் எங்கே குடித்தனம் வைக்கப்போகிறார்கள் என்று வெளியே வந்து விசாரிப்பேன். இந்த வருஷம் ஓலை வாசித்ததில் ஒரே ஒரு ஜோடிதான் நம் கோயில் பங்கில் தங்கியிருக்கிறது. அந்த வயிற்றெரிச்சலில் இருந்தபோதுதான் ஃபிளாட் பேச்சு வந்தது.

கம்பெனிக்காரன் காரை வாசலுக்கே அனுப்பினான், சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு நானும் அம்மாவும் போனோம். பதினோராவது மாடி. பால்கனியில் நின்றால் கடல் முழுசாகத் தெரிந்தது, காற்று வேட்டியைத் தூக்கியது. வீட்டுக்கு வந்த கையோடு உனக்குப் போன் போட்டுப் புகழ்ந்து தள்ளினேன். போன சனிக்கிழமை பத்திர நகல் வாங்க மறுபடி போனேன், வெயிலுக்கு முன்னால் போய்விடலாம் என்று ஏழு மணிக்கே போய்விட்டேன். ஆபீஸ் திறக்கவில்லை. கேட்டுக்கு எதிரே நிற்கிறேன், கண் எரிகிறது, அழுகின முட்டை மாதிரி ஒரு நாற்றம் தொண்டையைப் பிடிக்கிறது. துண்டால் மூக்கைப் பொத்தினேன். அங்கே இட்லி விற்கிற கன்னியம்மா என்ற பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இன்னா பெர்சு, இதுக்கே மூக்கப் பொத்திக்கினியே, பதினோரு மணி வரிக்கும் இப்டித்தான் கீது, அப்பால கடல் காத்து வந்தா சரியாப்பூடும், அதான் வூடு பாக்க வர்றவங்கள அவனுங்க மத்தியானத்துக்கு மேல இட்டாறானுங்க என்றாள். நீ வாங்கலன்னா இன்னொருத்தன் வாங்குவான், எங்க வூட்டு ஓனரு வாடகைய ஏத்திகினேதான் இருப்பாரு, காத்து மட்டும் எங்களுக்கு மாறாது என்றும் சொன்னாள். அவள் பெண்ணும் பக்கத்தில் இருமிக்கொண்டேதான் சட்னி ஊற்றினாள்.

ஒருநாள் பார்த்துவிட்டுச் சொல்லக் கூடாது என்று நேற்றும் இன்றைக்கும் காலையில் போனேன். நேற்று லேசாகத்தான் இருந்தது, இன்றைக்கு மறுபடியும் அதேதான். ஆபீஸ் பையனிடம் கேட்டால், ஏசி போட்டு ஜன்னலைச் சாத்திவிட்டால் ஒன்றும் தெரியாது சார் என்கிறான். அப்படியென்றால் எதற்கடா கடல் காற்றைக் காட்டி விற்றாய் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

மத்தியானம் வரை மேற்குக் காற்று, அதற்கப்புறம்தான் கடல் காற்று என்பது எனக்குத் தெரியாதா. மேற்கே ஆலைகள் இருப்பதும் தெரியாதா. முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டினவன், காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல் ஒரு பெட்டியையும் தூக்கினதில்லை. இழுப்பு இருக்கிற குழந்தை படுத்துத் தூங்கப்போகிற வீட்டுக்கு மட்டும் அதைப் பார்க்கவில்லை. அன்றைக்குக் காரில் வரும்போதே, காலையில் ஒருதரம் பார்த்துவிட்டுப் பிள்ளையிடம் சொல்லுங்கள் என்றாள் உன் அம்மா. உனக்கென்ன தெரியும் என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். அந்தப் பால்கனியில் நான் கடலைப் பார்க்கவில்லை ஆன்சி, நீ துணி காயப்போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூரில் வாங்கினால் கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் விருந்தாளி மாதிரி வந்து போவாய் என்று பயம். உங்கள் சம்பாத்தியத்தில் என் ஆசைக்கு வீடு கட்டப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

மாப்பிள்ளையிடம் தப்பு அப்பாவுடையது என்று தெளிவாகச் சொல்லிவிடு, நீ தலை குனியாதே. கோயம்புத்தூரிலும் அவசரப்பட வேண்டாம், காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் அக்காவைப் போய் நின்று பார்க்கச் சொல், கோடையில் தண்ணீர் எப்படி என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கச் சொல். குழந்தை எங்கே நன்றாக மூச்சு விடுமோ அங்கே வாங்குங்கள், அது எத்தனை தூரமாக இருந்தாலும் சரி.

உங்கள் மூன்று பேரையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், நோயலினுக்கு நெற்றியில் சிலுவை போட்டு என் முத்தம் கொடு. வெள்ளிக்கிழமை பணம் போகக் கூடாது, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
இக்னேஷியஸ்

பி.கு: உன் கல்யாணப் பேச்சில் சம்பந்தி வீட்டார் முன்னால், சாகும்வரை இராயபுரத்தை விட்டு வேறு ஊரில் குடியிருக்க மாட்டேன் என்று வீராப்பாகச் சொன்னேன். அதை எல்லோரும் மறந்துவிட்டால் நல்லது.