பதினேழாம் சீட்டு

மஸ்கெலியா
12.8.1956

அன்பு மகள் பூரணிக்கு,

இங்கே மழைக்கும் எங்களுக்கும் ஒரு குறையும் இல்லை. சென்னை வெயிலில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். நம் வீட்டில் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த தீர்மானம் ஒன்று நிறைவேறியிருக்கிறது: பிஸ்கட் டின்னில் இனி முறுக்கு வைப்பதில்லை. நான் முன்மொழிந்தேன், உன் அம்மா எதிர்த்தாள், வாக்குகள் சமமாக இருந்ததால் தலைவர் என்ற முறையில் இன்னொரு வாக்கையும் நானே போட்டேன்.

காரணம் நீதான். ஆராய்ச்சிக் கட்டுரைக்கு ஒரு செய்திக்கு ஒரு சீட்டு, அதில் சொன்னவர் யார், எந்த நூல், எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று அப்போதே குறிக்காவிட்டால் கடைசியில் நூற்பட்டியல் போடும்போது தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தாய் அல்லவா, பிரஜாவுரிமை விசாரணைக்கு ஹட்டனுக்கு வரச்சொல்லித் தபால் வந்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன் நம் மூவருக்கும் சேர்த்துப் போட்ட மனு. நாம் இலங்கையில் தொடர்ந்து இருந்ததை நிரூபிக்க வேண்டும். மற்றவர்கள் பழைய காகிதங்களைத் துணிப்பையில் திணித்துக்கொண்டு வந்தார்கள், நான் நாற்பத்தொரு சீட்டு எழுதி, ஆண்டுவாரியாக டின்னில் அடுக்கி, ஆதாரப் பட்டியலும் இணைத்தேன். என் பள்ளிக்கூட வரவு இடாப்பு, உன் பிறப்புச் சான்றிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் உண்டு. மருத்துவச்சி வேலாயி நூல் எதுவும் எழுதாததால் அவளை 'வாய்மொழி' என்ற தலைப்பில் சேர்த்தேன். தன் பெயர் கடைசியில் வந்ததில் அவளுக்கு வருத்தம்.

பதினேழாம் சீட்டில்தான் வீட்டில் சண்டை. 1940இல் உன் தாத்தா படுக்கையில் கிடந்தபோது நான் இந்தியாவுக்குப் போய்த் துறையூரில் பதின்மூன்று மாதம் தங்கியது அதில் இருந்தது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும் என்று கங்காணி சிவசாமி உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். "அந்த ஒரு சீட்ட அடுப்புல போடுங்க, யாருக்குத் தெரியப்போகுது" என்றாள். நமக்குப் பாதகமான ஆதாரத்தையும் காட்ட வேண்டும் என்பது உன் பேராசிரியரின் விதி என்று நீ அடிக்கோடிட்டு எழுதியதை வாசித்துக் காட்டினேன். பேராசிரியரைப் பற்றி அவள் சொன்னதற்குச் சீட்டுப் போடவில்லை.

விசாரணை அதிகாரி ஒவ்வொரு சீட்டையும் பொறுமையாக வாசித்தார். "இவ்வளவு ஒழுங்கா யாருமே கொண்டு வரலீங்க மாஸ்டர், ஐயா ரொம்ப சந்தோசப்படுறாரு" என்றார் மொழிபெயர்ப்பாளர். சீட்டுகளை வைத்துக்கொண்டு டின்னைத் திருப்பிக் கொடுத்தார்கள். அது அடுத்த ஆராய்ச்சிக்குக் காத்திருக்கிறது.

சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்கிறாள் அம்மா. நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கும் முன் பக்க எண்ணைக் குறித்துக்கொள். கட்டுரை நல்லபடி முடிந்து நீ வீடு வந்து சேர எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அப்பா
பொ. சின்னராசா

பி.கு.: உறையை ஒட்டும் முன் தபால் வந்தது. நம் மூவரின் மனுவும் நிராகரிக்கப்பட்டது. காரணத்தின் கீழே குறிப்பிட்டிருக்கிறார்கள்: ஆதாரம், மனுதாரரின் சீட்டு, இலக்கம் பதினேழு.