டப்பாவும் ஜப்பானும்

8-2-2004, ஞாயிறு

பார்சல் வந்துவிட்டது. ஜப்பான் ஐபீஸ். டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்க்கிற அந்தச் சின்ன லென்ஸ் குழாய்க்கு மூன்று அடுக்குக் காகிதம், ஒரு பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி. என் கல்யாண மோதிரம்கூட இவ்வளவு மரியாதையாக வந்ததில்லை. விலை ஜெயசுதாவுக்குத் தெரியாது. ஆபீஸ் சாமான் என்று சொல்லியிருக்கிறேன்.

இத்தனை நாள் பார்த்தது டப்பாவில்தான். உடைந்த பைனாகுலரில் கழற்றிய லென்ஸைப் பிலிம் ரோல் டப்பாவுக்குள் பொருத்தி நானே செய்தது. இனி அதற்கு ஓய்வு கொடுக்கலாம்.

நோட்டில் கோடு போட்டு இரண்டு பத்தி பிரித்தேன். ஒரு பக்கம் டப்பா, ஒரு பக்கம் ஜப்பான். கூர்மை, வெளிச்சம், ஓரம், கண் வைக்க வசதி. சனியைப் பதினைந்து நாள் பார்த்து எழுதி, இதை வாங்கி அனுப்பிய சென்னை பிரசாத்துக்கு அனுப்ப வேண்டும். அவர் என்னை சார் என்று கூப்பிடுகிறார். பெரம்பலூரில் லைன்மேனை யாரும் சார் என்று கூப்பிடுவதில்லை.

12-2-2004

டப்பாவில் சனி சிறிசு, ஆனால் வெட்டி வைத்த மாதிரி இருக்கிறது. ஜப்பானில் பெரிசு. ஆனால் மேலே மோர் ஊற்றியது போல ஒரு வெளுப்பு.

காரணம் தெருவிளக்கு. மாடிக்கு நேர் எதிரே கம்பம். டப்பாவின் குழிக்குள் கண் புதைந்துவிடுகிறது. ஜப்பான் தட்டை, பக்கத்து வெளிச்சமெல்லாம் கண்ணில் அடிக்கிறது. சனியின் வளையத்துக்கு நடுவில் மயிரிழை போல ஒரு கறுப்பு இடைவெளி உண்டு. அது தெரிந்தால்தான் நல்ல ஐபீஸ். இன்றும் தெரியவில்லை.

15-2-2004

பிரசாத் போன் செய்தார். "இடைவெளி தெரிஞ்சுதா சார்?"

"பளிச்சுன்னு தெரியுதுங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? கேட்டது ஒரு கேள்வி, இல்லை என்று சொன்னால் உயிரா போய்விடும்?

17-2-2004, செவ்வாய்

எழுத வெட்கமா இருக்கு. இருந்தாலும் எழுதணும்.

ஏழரை மணிக்கு இறங்கிப் போய்க் கம்பத்துப் பெட்டியில் தெருவிளக்கு பியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். இருபது நிமிஷம்தான் என்று நினைத்தேன். ஆறு விளக்கும் அணைந்தன. மாடிக்கு ஓடி ஜப்பானில் கண் வைத்தேன். இடைவெளி தெரிந்ததா? தெரிகிற மாதிரி இருந்தது. கீழே தண்ணீர் கொட்டுகிற சத்தம், பாத்திரம் உருளுகிற சத்தம், அப்புறம் ஒரு அலறல்.

ரத்தினம்மாள் அக்கா. நான்கு வீடு தள்ளி இட்லிக் கடை வைத்திருப்பவர். ஊறவைத்த அரிசியை அண்டாவோடு தூக்கிக்கொண்டு மாவரைக்கப் போயிருக்கிறார். சாக்கடை மேல் ஒரு கல் இல்லாத இடம் உண்டு. வெளிச்சத்தில் எல்லாரும் தாண்டிப் போகிற இடம். கால் உள்ளே இறங்கி, உடம்பு வெளியே சாய்ந்துவிட்டது. அரிசியெல்லாம் ரோட்டில்.

கையில் டார்ச்சோடு முதலில் ஓடியவன் நான்தான். தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தேன். துணைக்கு ஜெயசுதாவை ஏற்றி அனுப்பினேன். ஆட்டோ திரும்பியதும் போய்ப் பியூஸை மாட்டினேன். யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் மாட்டினேன். அந்த அறிவு மட்டும் அப்ப எங்கேர்ந்து வந்துச்சு? ச்சீ.

19-2-2004

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போய்விட்டதாம். திருச்சிக்குக் கொண்டுபோய் ராடு வைத்திருக்கிறார்கள்.

டீக்கடையில் என் தோளைத் தட்டினார்கள். "வெள்ளைச்சாமி மட்டும் இல்லன்னா அந்தம்மா அங்கயே கெடந்துருக்கும்." டீக்குக் காசு வாங்கவில்லை. குடித்தேன்.

24-2-2004

பூமாலை வந்தான். சாயங்காலம் சைக்கிளில் வந்து தெருத்தெருவாக விளக்கு போடுகிறவன். அன்றைக்கு எங்கள் தெருவுக்கு அவன் நேரத்துக்கு விளக்கு போடவில்லை, அக்கா விழுந்த பிறகுதான் போட்டான் என்று ஊரே சொல்கிறது. ரத்தினம்மாள் அக்காவின் தங்கை நடு ரோட்டில் அவனை நிறுத்தித் திட்டியிருக்கிறார். திருச்சியில் படுத்திருக்கிற அக்காவும் போனில் சாபம் விட்டாராம்.

"அண்ணே, சத்தியமா போட்டுட்டுத்தாண்ணே போனேன். நீங்க கரண்ட் ஆளு. நீங்க ஒரு வார்த்த சொன்னா நம்புவாங்க."

சொன்னேன். டீக்கடையில் நாலு பேர் முன்னால், "லூஸ் கனெக்சன்ப்பா, பூமாலை மேல தப்பு இல்ல" என்று சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பியூஸைப் பிடுங்கின அதே கை.

2-3-2004

இன்று நோட்டைப் பிரித்தேன். 17ஆம் தேதிக்கு நேரே, ஜப்பான் பத்தியில், "இடைவெளி: தெளிவு" என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்துதான். அன்றைக்கு ஆட்டோ போனதற்கு அப்புறம் மாடி ஏறி அதை எழுதியிருக்கிறேன்.

18-4-2004, ஞாயிறு

ரத்தினம்மாள் அக்காவைப் பார்க்க ஜெயசுதா இழுத்துக்கொண்டு போனாள். வாக்கரைப் பிடித்து நடக்கிறார். கடையை மூடி இரண்டு மாசம் ஆகிறது. அடுப்படியில் இட்லிச் சட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். இட்லி விற்றவருக்கு இப்போது தங்கை வீட்டிலிருந்து சோறு வருகிறது.

"தம்பி ஓடியாரலன்னா நான் இல்ல" என்றார், ஜெயசுதாவிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏன் தம்பி, அன்னிக்கு உன் டார்ச்சு ஏன் செவப்பா எரிஞ்சுது?"

டெலஸ்கோப்பில் பார்க்கும்போது கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும். அதற்காக டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டியிருப்பேன். "கண்ணு கூசக் கூடாதுன்னுதாங்க்கா" என்றேன்.

"ரோட்டுல கால வைக்கவே வெளிச்சம் இல்ல. அதுல கூசுறதுக்கு என்ன இருக்கு?" வெகுளியாகத்தான் கேட்டார். ஜெயசுதா என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு வரும் வரையில் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வந்து செருப்பைக் கழற்றும்போது, "நீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன்.

20-4-2004

சொல்லிவிட்டேன்.

"அக்கா, பியூஸ நான்தான் பிடுங்குனேன்."

"எதுக்கு?"

"சனி கிரகத்தப் பாக்க."

அவர் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பொறுக்கி முடித்து முறத்தைக் கீழே வைத்தார். "பூமாலைய என்னா பேச்சு பேசிட்டேன் நான்! மொதல்ல அவங்கிட்டப் போயி சொல்லு. அப்பறம் ஆபீஸ்ல சொல்லு. இந்த வூட்டுப் படி மட்டும் இனிமே ஏறாத."

பூமாலை கத்துவான், அடிப்பான் என்று நினைத்துப் போனேன். சைக்கிளைப் பிடித்தபடி கேட்டான். "லூஸ் கனெக்சன்னு சொன்னீங்களேண்ணே" என்றான். சைக்கிளில் ஏறி அடுத்த தெருவுக்கு விளக்கு போடப் போய்விட்டான். அடித்திருந்தால் தேவலை.

3-6-2004

ஆபீஸில் எழுதிக் கொடுத்ததற்கு மெமோவும் மாற்றலும். அரியலூர். செய்ததற்கு இது குறைவுதான். பிரசாத்துக்கும் எழுதினேன்: இடைவெளி எனக்குத் தெரியவில்லை, தெரிந்ததாகச் சொன்னது பொய்.

11-11-2004

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிப் புழுதி. பஸ்ஸில் வீடு வந்து சேரும்போது மீசை வெளுத்திருக்கிறது. எங்கள் தெருவில் விளக்கு லேசாக மினுக்கினாலும் எல்லாரும் என் வீட்டைத்தான் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

அக்கா கடையைத் திறந்துவிட்டார். ஸ்டூலில் உட்கார்ந்தபடி இட்லி ஊற்றுகிறார். நான் அந்தப் பக்கம் போவதில்லை, சுற்றித்தான் போகிறேன்.

9-3-2005, புதன்

ஏழு மணிக்குக் கரண்ட் போனது. "யோவ் வெள்ளைச்சாமி, நீயா?" என்று எவனோ கத்தினான். தெருவே சிரித்தது. நான் கேட்டுக்கு வெளியே வந்து நின்றேன், எல்லாருக்கும் என் இரண்டு கையும் தெரிகிற மாதிரி. ஊர் முழுக்க இருட்டு, டிரான்ஸ்பார்மர் கோளாறு என்று தெரிந்ததும் சிரிப்பு அடங்கியது.

கம்பு ஊன்றுகிற சத்தம் கேட்டது. ரத்தினம்மாள் அக்கா.

"லைன்மேனே." போன ஏப்ரலுக்கு அப்புறம் தம்பி என்று கூப்பிட்டதில்லை. "எப்புடியும் இருட்டாத்தான் கெடக்கு. என் காலத் தின்ன சாமானக் கொண்டா. அதுல என்னதான் இருக்குன்னு பாக்குறேன்."

ஒரு வருஷமாகத் தொடாத டெலஸ்கோப். குழாய்க்குள் பல்லி முட்டை. துடைத்து, மாடியிலிருந்து தெருவுக்கு இறக்கினேன். முதலில் ஜப்பானைப் போட்டேன். நல்லதைக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன்.

"ஒண்ணுந் தெரியலய்யா. கருப்பாத்தான் இருக்கு."

அவருடையது சோடாபுட்டிக் கண்ணாடி. ஜப்பானில் கண்ணை லென்ஸோடு ஒட்டி வைக்க வேண்டும், கண்ணாடி இடிக்கிறது. அதைக் கழற்றினால் அவருக்கு எதுவுமே தெரியாது. என் நோட்டில் "கண் வைக்க வசதி" என்று ஒரு வரி இருந்தது. அதை என் கண்ணுக்கு மட்டும்தான் எழுதியிருந்தேன். ஜப்பானைக் கழற்றிவிட்டு, டப்பாவின் விளிம்பை பிளேடால் அறுத்துத் தாழ்த்திப் போட்டேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றாமலே கண் வைத்தார். "வளையம் போட்டுக்கிட்டு நிக்குது" என்றார். பிறகு, "இதுக்குத்தானா?" என்றார். கோபமா, வேறு ஏதாவதா, எனக்குப் புரியவில்லை. ஆமாங்க்கா என்றேன்.

அப்போது கரண்ட் வந்தது. ஆறு விளக்கும் எரிந்தன. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். "அக்கா, வெளிச்சம் வந்துருச்சு, இனிமே தெரியாது" என்று குழாயை நகர்த்தப் போனேன். அவர் கண்ணை எடுக்கவில்லை. முந்தானையை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, ஒரு கையால் ஐபீஸைச் சுற்றி மறைத்தார்.

"இப்பவும் தெரியுதேய்யா." முந்தானைக்குள்ளிருந்து குரல் வந்தது. "அப்ப எதுக்கு அதப் பிடுங்குன?"

அவர் கம்பை ஊன்றி வீட்டுக்குப் போகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஜப்பானைப் போட்டு, தோளில் கிடந்த துண்டால் தலையை மூடிக்கொண்டு பார்த்தேன். தலைக்கு மேலே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. இடைவெளி தெரிந்தது. மயிரிழை போல, கறுப்பாக, சுத்தமாக. அன்றைக்கும் இந்தத் துண்டு என் தோளில்தான் கிடந்தது.