அம்புக்குறி காட்டிய பக்கம்

அப்பா, எதிர் வீட்டில் இன்று கதவுக்கு வார்னிஷ் அடிக்கிறார்கள். அரிசி களைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. வெளியூரில் நாம் போன அந்தச் சின்ன ஓவிய மியூசியத்திலும் இதே வாசனைதான்.

உன் ரிப்போர்ட்டை டாக்டர் மூன்று மணிக்குத்தான் பார்ப்பார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். "அதுவரைக்கும் இங்கயே மருந்து வாசனை புடிச்சினு இருக்கணுமா? வா, எங்கனா போலாம்" என்றாய். மியூசியம் பக்கத்துத் தெருவில் இருந்தது. வாசலில் நீ செருப்பைக் கழற்றினாய், நானும் கழற்றினேன். வேறு யாரும் கழற்றவில்லை என்பதை உள்ளே போன பிறகுதான் பார்த்தேன்.

முதல் அறையில் ஒரு மலைப் படம். "நம்ம மலைதான் பாப்பா. அடி அண்ணாமலைல நின்னு பாத்தா இப்டித்தான் இருக்கும்" என்றாய். கீழே வேறு ஊர்ப் பெயர் இருந்தது. நான் சொல்லவில்லை.

அடுத்தது பெரிய கூடம். நடுவில் ஒரு கற்சிலை, சுவர் முழுக்கப் படங்கள். சிலை வலக்கைப் பக்கம் இருக்கும்படி நீ நடந்தாய். ஆட்டோவைக் கழுவும்போதுகூட வலமாகத்தானே சுற்றுவாய். தரையில் இருந்த அம்புக்குறி எதிர்ப்பக்கம் காட்டியது.

"பெரியவரே, அம்புக்குறி தெரியலயா? அப்டி வாங்க" என்றார் காவலர்.

"நாங்க திருவண்ணாமலைங்க. எடமா சுத்திப் பழக்கமில்ல."

"இது கோயில் இல்லங்க, படம் பாக்குற எடம்."

எதிரே யூனிஃபார்மில் ஒரு வரிசை. எல்லாம் என் வயசுப் பிள்ளைகள். உனக்கு முடியாமல் போய் நான் பள்ளியை விட்டு அப்போது நான்கு மாதம். "செருப்புகூடப் போடல பாருடி" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் உன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். "அவரு சொல்ற பக்கம் வாப்பா. மானம் போவுது."

"ரிப்போர்ட்டு பாக்கணுமே. இன்னிக்கு மட்டும் எடமா வேணாம் பாப்பா" என்றாய், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. நான் கையை விடவில்லை. நீ வந்தாய்.

மூன்று மணிக்கு டாக்டர் காகிதத்தைப் படித்துவிட்டு, "கூடப் பெரியவங்க யாரும் வரலயா?" என்று கேட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "நாம எடமா சுத்தினதுக்கு டாக்டர் என்னா பண்ணுவாரு, பாவம்" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்து வந்த பொங்கலுக்கு நீ இல்லை.

அம்மாவிடம் ஒருநாள் சொன்னேன். "ரிப்போர்ட்டு கவர முந்தின நாளே ஒட்டி வெச்சிருப்பாங்கடி. எந்தப் பக்கம் சுத்தினா என்னா" என்றாள். எனக்கும் அது தெரியும். தெரிந்தும் ஒன்றும் குறையவில்லை. நீ கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் நான் செய்ய விடவில்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட இன்று நம் முகம் நினைவிருக்காது. அவர்களுக்காகத்தான் உன்னைத் திருப்பினேன்.