குற்றி பிடுங்கிய பிறகு

இராஜாக்கமங்கலம்,
கொல்லம் 1107 ஐப்பசி 26.

இலங்கைத் தோட்டத்தில் கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருக்கும் தம்பி சத்தியநேசனுக்கு அண்ணன் முத்துநாயகம் எழுதுவது. நானும் உன் மதினி பூங்கனியும் சுகம். மூட்டுவலி மட்டும் என்னை விட்டுப் போக மனமில்லாமல் இருக்கிறது. நீ அனுப்பிய தேயிலை வந்தது. உன் மதினி அதைக் கஷாயம் என்று நினைத்துக் காய்ச்சினாள், குடித்தோம்.

நான் மேஸ்திரியாயிருக்கும் கயிற்றுக் கம்பெனிக்குச் சித்திரையில் கபிரியேல் என்று புது மானேஜர் வந்தார். நிறையப் படித்தவர். வந்த வாரமே ‘ஊக்கமே உயர்வு’ என்று தகரப் பலகையில் எழுதிக் கொட்டகையில் மாட்டினார். எழுத்தறிந்த நேசபாய் மற்றப் பெண்களுக்கு வாசித்துக் காட்டினாள். நல்ல பலகை என்று எல்லாரும் சொன்னார்கள்.

இங்கே தேங்காய் மட்டைக் கதம்பையை, ஆறு கடலில் சேரும் பொழித் தண்ணீரில் அமிழ்த்தி, மேலே சேறும் கல்லும் ஏற்றிப் பத்து மாதம் ஊறப்போடுவது நீ அறிந்ததே. ஒவ்வொரு பெண்ணும் தன் குவியலருகே ஒரு கம்புக் குற்றி நட்டு அடையாளம் கட்டுவாள். செல்லத்தாய்க்குச் சிவப்புத் துணி, நேசபாய்க்குச் சிப்பி. கதம்பை கம்பெனியுடையது, கூலியும் எல்லாருக்கும் ஒன்றே. ஆனாலும் அடித்து நார் எடுக்கும் நாளில், “ஏட்டி, எனக்க நாரு பொன்னு, உனக்க நாரு எருமைக்க வாலுல்லா” என்று கொட்டகையே இரண்டுபடும்.

இது வீண் சச்சரவு, எல்லாம் கம்பெனிக் குவியல்தான் என்றார் மானேஜர். குற்றிகளை என் கையாலேயே பிடுங்கினேன். சண்டை நின்றது. பேச்சும் நின்றது. ஒழுங்கு வந்துவிட்டதென்று அவர் முதலாளிக்கு எழுதினார். மாதந்தோறும் ஊக்கமுள்ளவளுக்கு ஒரு தகர மெடல் என்றும் ஏற்படுத்தினார். முதல் மெடலைச் செல்லத்தாய் தன் ஆட்டின் கழுத்தில் கட்டினாள். ஆட்டுக்கும் ஊக்கம் கூடியதாகத் தெரியவில்லை.

போன ஞாயிறு மத்தியானம் பெருமழை. முன்பெல்லாம் வானம் கறுத்தாலே, கூப்பிடாமல் ஓடிவந்து குவியலுக்குக் கல் ஏற்றுவார்கள். இந்தத் தடவை ஒருத்தியும் வரவில்லை. பொழியின் மணல் வரம்பு முறிந்து, பத்து மாதக் கதம்பை கடலுக்குப் போய்விட்டது. மறுநாள் செல்லத்தாயிடம் கேட்டேன். “எனக்க குவியலு எதுன்னு தெரிஞ்சாத்தானே ஓட முடியும், அண்ணாச்சி? கம்பெனிக்க கதம்பைன்னு சொன்னியளே. கம்பெனி ஓடும்னு நெனச்சேன்” என்றாள். கோபமே இல்லை அவளுக்கு. அதுதான் எனக்குச் சங்கடம்.

அசட்டையாயிருந்தவர் யார் என்று சனிக்கிழமைக்குள் நான் ஒரு பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஆளை நிறுத்திவிடுவார்களாம். செல்லத்தாய் என்றே மானேஜர் சாடையாகச் சொன்னார். ஆட்டை அவர் மறக்கவில்லை. அவளுக்குப் புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள்.

உனக்கு மட்டும் எழுதுகிறேன். அன்று மழை இரைந்தபோது குடையை எடுத்துக்கொண்டு நானும் வாசல்வரை வந்தேன். பிறகு மடக்கி மூலையில் சாத்திவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் அதுவே முதல் தடவை.

அறிக்கை எழுதியாயிற்று. என் பெயர் வழக்கமாகக் கடைசியில் கையெழுத்தாக ஒருமுறை வரும். இதில் நடுவிலும் ஒருமுறை வருகிறது.

உங்கள் தோட்டத்தில் ஐம்பத்திரண்டு வயதுக்காரனுக்கு ஏதும் வேலை உண்டா என்று விசாரி. மதினிக்கு இன்னும் சொல்லவில்லை. பதிலைக் கம்பெனி விலாசத்துக்கு எழுதாதே.

உன் கையின் பிரயாசத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. அது உன் கையின் பிரயாசம் என்று அங்கே யாராவது ஒருவர் அறிந்திருக்கவும் கிருபை செய்வாராக.

உன் அண்ணன்,
முத்துநாயகம்