அடிபம்புக்கு முப்பது மீட்டர்

நிவாரண முகாம், ஜூன் 4

தலைமை அலுவலகத்துப் பெரிய மனிதருக்கு,

அப்பன் சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதுகிறாள். மென்று விழுங்காமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அடிபம்புக்கு மேட்டுப் பக்கம் உன் ஆட்கள் பன்னிரண்டு கழிப்பறைக் குழி வெட்டியிருக்கிறார்கள், பத்தடி ஆழம். நீ பிறந்த வருஷம் ரோடு வேலைக்கு வந்து இதே மேட்டில்தான் கூடாரம் போட்டேன். மழைக்காலம். கம்பம் நட முழங்கை ஆழம் தோண்டினேன், தண்ணீர் பொங்கியது. மழை வந்தால் உன் குழியும் பம்பும் ஒரே தொட்டிதான்.

மேஸ்திரியிடம் சொன்னேன். "பெரியவரே, படிச்சவங்க போட்ட பிளான் இது" என்றான். "அப்போ படிச்சவங்களே குடிக்கட்டும்" என்றேன்.

கழிப்பறைச் சுவரில் உங்கள் பச்சை இலைச் சின்னம் வரைய மூன்று நாள் எடுத்துக்கொண்டார்கள். மழைக்கு முன் குழிகளைப் பள்ளத்துப் பக்கம் மாற்று.

அப்பா

ஜூன் 15

அன்புள்ள அப்பா,

அக்காவுக்கும் அவள் மகள் பாப்பாவுக்கும் என் அன்பு. குழிகள் முப்பது மீட்டர் தள்ளித்தான் இருக்கின்றன, அதுதான் விதி. மார்ச்சில் சோதித்தபோது நிலத்தடி நீர் இருபதடிக்குக் கீழே. சுற்றுச்சூழலைக் கெடுக்காத முகாம் என்று இதைப் பார்க்க நன்கொடையாளர்கள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் தயவுசெய்து எதுவும் பேசவேண்டாம்.

உங்கள் மகன்

ஜூலை 2

மார்ச்சில் மழையை அளந்த மேதைக்கு,

ஒன்பது நாளாகக் கொட்டுகிறது. குழிகள் விளிம்பு வரை நிரம்பிவிட்டன. பம்புத் தண்ணீர் நாறுகிறது. பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு, கண் உள்ளே போய்விட்டது. காய்ச்சிக் குடிக்கலாமென்றால் ஈர விறகு உன் அலுவலகம் மாதிரி, புகைதான் வருகிறது. பம்பைப் பூட்டி, லாரியில் தண்ணீர் அனுப்பு. வேறொன்றும் கேட்கவில்லை.

அப்பா

ஜூலை 6

அப்பா,

வியாழக்கிழமை விருந்தினர்களோடு வருகிறேன். இப்போது பம்பைப் பூட்டினால் கேள்வி வரும், அவர்கள் போனதும் முடிவெடுப்போம். எங்களுக்குத் தண்ணீர் ஏற்பாடு வேண்டாம். பாட்டில்கள் வண்டியிலேயே வரும்.

மகன்

ஜூலை 11

ஐயா,

வந்தீர்கள். பச்சை இலைக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டீர்கள். நீங்கள் சொன்னபடி நான் வாய் திறக்கவில்லை. பம்பில் பிடித்த ஒரு டம்ளர் தண்ணீரை மட்டும் நீட்டினேன். "அப்புறம் குடிக்கறேம்பா" என்றீர்கள்.

உங்கள் வண்டி திரும்பியதும் பம்பின் கைப்பிடியை நானே கழற்றினேன். பெண்கள் இப்போது ஒரு மைல் நடந்து தண்ணீர் கொண்டுவருகிறார்கள், நீங்கள் வீசிவிட்டுப் போன நாற்பது காலி பாட்டில்களில். இந்த முகாமுக்கு உங்கள் அலுவலகம் கொடுத்ததில் உருப்படியானது அதுதான். பாப்பா பிழைத்துக்கொண்டாள். இதற்கு மேல் நான் சொன்னதை எழுத உங்கள் அக்கா மறுக்கிறாள்.

டம்ளரை மூடி வைத்திருக்கிறேன். அப்புறம் என்றீர்களே.

இப்படிக்கு,
முகாம்வாசி ஒருவன்